இருபத்து மூன்று ஆரஞ்சு

போன மாதம் போலீஸ் பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். போர்த்திய எஸ்.ஐ. புதிதாக வேலைக்கு வந்தவர், நல்ல பிள்ளை. காபி குடிக்கும்போது என் காதருகே குனிந்து, "ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம ஆளுங்களையே புடிச்சு உள்ள போட்டிருப்பீங்க. மனசு உறுத்தலைங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. துண்டு போர்த்துவதற்கு முன்னால் கேட்டிருந்தால் அந்தத் துண்டாவது மிஞ்சியிருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் போண்டா வந்துவிட்டது. அவருக்குச் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் போலீசில் சேர்ந்தது தேச சேவைக்காகவும் இல்லை, வெள்ளைக்காரன் மேல் பிரியம் வைத்தும் இல்லை. எட்டாவது பாஸ், ஐந்தடி எட்டு அங்குல உயரம், முத்து முத்தான கையெழுத்து. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு என்னை எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியில் கற்றதெல்லாம் இடது வலது திரும்புவது, சிவப்புத் தலைப்பாகையைக் கண்ணாடி இல்லாமல் கட்டுவது, கேள்வி கேட்காமல் இருப்பது. மூன்றாவதில் எனக்கு நல்ல மார்க். நாற்பத்திரண்டு ஆகஸ்டில் சேலம் டவுனுக்கு பந்தோபஸ்துக்கு அனுப்பினார்கள். கூட்டத்தில் லத்தி வீசினேன். பெரும்பாலும் தரையில்தான் அடித்தேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு அடி ஒரு மனிதரின் தோளில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையை அவளிடம் சொன்னதில்லை. இதையும் அந்த எஸ்.ஐ. கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அதற்கு அடுத்த மாதம் என்னை ஏற்காட்டு மலையில் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு ரைட்டராகப் போட்டார்கள். அந்த ஸ்டேஷன் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஒரு லாட்ஜ் இருக்கிறது. நாங்கள் ஆட்களை அடைத்து வைத்த அறையில் இப்போது தேனிலவுக்கு வருகிறவர்கள் வாடகை கொடுத்துத் தங்குகிறார்கள்.

அங்கே எஸ்.ஐ. நாகலிங்கம் ஐயா. அவரைப் போல ஒரு அதிகாரியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கோழி திருடியவனைக்கூட நாற்காலியில் உட்கார வைப்பார். "ஏனுங்க, காப்பித்தண்ணி குடிச்சீங்களா? சரி, அந்தக் கோழிய எப்படிங்க சத்தமில்லாமப் புடிச்சீங்க? சொன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவோமில்லைங்க" என்பார். அடிக்குத் தயாராக வந்தவன் இந்த 'ங்க'வைத் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கக்கிவிடுவான்.

ஆனால் ஸ்டேஷன் டைரி விஷயத்தில் அவர் வேறு மனிதர். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்த பெரிய புத்தகம் அது. கிழிக்க முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும் மணி போட வேண்டும். தப்பாக எழுதினால் சுரண்டக் கூடாது. படிக்கிற மாதிரி ஒரே கோடு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. ஒரு பதிவுக்கும் அடுத்த பதிவுக்கும் நடுவில் இடம் மிஞ்சினால் குறுக்கே கோடு இழுத்துவிட வேண்டும். ஒருநாள் இரண்டு விரல்கடை இடம் விட்டுவிட்டேன். "ரைட்டரே, இப்படி எடம் உட்டீங்கன்னா நாளைக்கு அதுல எவனாச்சும் வந்து பொய்ய எழுதிருவானுங்க" என்றார். இவ்வளவு சொன்னவர்தான் அந்தக் கார்த்திகை மாதம் என்னை எதிரே உட்கார வைத்துப் பொய் எழுதச் சொன்னார்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் துரைமார் கிளப் இருந்தது. முன்னால் ஒரு சில்வர் ஓக் மரத்தையே வெட்டிச் சீவி நட்ட உயரமான கொடிக்கம்பம். அதை ஒட்டியே ஆரஞ்சுத் தோட்டம். யுத்த காலம் என்பதால் யூனியன் ஜாக் எப்போதும் மேலேயே பறக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் துரைமார்கள் வரிசையாக நின்று அதற்கு சல்யூட் அடித்துவிட்டு முட்டை தின்னப் போவார்கள். ஒரு போலீஸ்காரன் கம்பத்தடியில் நின்று அவர்களோடு சேர்ந்து சல்யூட் அடிக்க வேண்டும்.

அந்தக் கார்த்திகையில் ஒரு ஞாயிறு, அங்கே நின்றது நான். மலையில் கார்த்திகைப் பனி எப்படி இறங்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கம்பம் என் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரம் வரைதான் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை, வெள்ளை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற கர்னல் துரை ஒருவர் மெடல் எல்லாம் குத்திக்கொண்டு வந்து குரல் கொடுத்தார். எல்லோரும் பனியைப் பார்த்து சல்யூட் அடித்தோம். கர்னல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் கையை வைத்திருந்தார்.

பத்து மணிக்குக் காற்று எழுந்து பனி கலைந்தது. தட்டோடு வராந்தாவுக்கு வந்த சமையல்காரர் அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கம்பத்தின் உச்சியில் மூவர்ணக் கொடி, நடுவில் ராட்டையோடு, ஈரத்தில் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கர்னல் துரை கையில் கடித்த ரொட்டியோடு வெளியே வந்தார். அவர் முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்ததை நான் மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன். என் வேலை போயிற்று என்று பயந்தேன். அதைவிட மோசம், வயிற்றுக்குள் சிரிப்பு பொங்கியது. கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டேன்.

என்னால் சிரிக்க முடியாததை வேறொருவர் சிரித்தார். ஆரஞ்சுத் தோட்டத்தில் இருந்து வந்தது அந்தச் சிரிப்பு. போய்ப் பார்த்தால் கம்பளி போர்த்திய ஒரு மலைக்கிராமத்து ஆள். பெயர் சடையன், ஊர் மஞ்சக்குட்டை. எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரமேறி மிளகு பறிக்கிறவர். கம்பத்து உச்சி ராட்டினத்தில் கயிறு இழுத்தால் கிறீச்சிடும் என்று விடிவதற்கு முன்னால் கம்பத்திலேயே ஏறிக் கொடியை மாற்றியிருக்கிறார். மாற்றியவர் வீட்டுக்குப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பனி விலகும்போது துரைமார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தாராம்.

ஸ்டேஷனுக்கு நடத்திக் கூட்டிப் போகும்போது அவருக்குக் கொஞ்சமும் பயம் இல்லை. "சந்தைக்கு மொளகு கொண்டுக்கிட்டுப் போனப்ப ஒருத்தர் அந்தக் கொடியக் குடுத்தாருங்க. காந்தியப் புடிச்சு உள்ள வெச்சுட்டாங்கன்னாரு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பி, "நீங்களும் வெறப்பா நின்னு சல்யூட் அடிச்சீங்களே, தோட்டத்தோரமா நின்னு பாத்தேனுங்க. நொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

நாகலிங்கம் ஐயா அவரையும் நாற்காலியில்தான் உட்கார வைத்தார். கொடிக் கேஸ் என்றால் யுத்தச் சட்டத்தில் இரண்டு வருடம். கசையடியும் விழலாம். ஐயா பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தபோது கிளப் செக்ரட்டரி துரை வேர்க்க விறுவிறுக்க வந்தார். கொடிக் கேஸ் வேண்டவே வேண்டாம் என்றார். காங்கிரஸ் கொடிக்குக் கர்னல் சல்யூட் அடித்தார் என்று கோர்ட்டில் எழுதினால் மலையில் அவர் எப்படித் தலைகாட்டுவது? ஆனால் அந்த ஆள் ஜெயிலுக்குப் போக வேண்டும். தோட்டத்தில்தானே பிடித்தீர்கள், ஆரஞ்சு திருடினான் என்று போடுங்கள் என்றார்.

துரை போனதும் ஐயா என்னைப் பார்த்தார். "கொடின்னா ரெண்டு வருசம், ஆரஞ்சுன்னா மூணு மாசம். எழுதுங்க ரைட்டரே" என்றார். அவர் முகத்தில் நிம்மதி. எனக்கும் நிம்மதிதான். ஒரு மனிதனைக் காப்பாற்றுகிறோம், வெள்ளைக்காரனும் திருப்தி, இப்படி ஒரு நாள் நம் வேலையில் வருமா என்று நினைத்தேன்.

"எத்தனை பழமுங்கய்யா?"

"பத்து, இருபதுன்னு முழுசாப் போடாதீங்க. நம்ப மாட்டாங்க."

எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று. வேறு எண் தோன்றவில்லை. இருபத்து மூன்று ஆரஞ்சு என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எழுத்து நம்பும்படியாக இருக்க வேண்டுமே என்ற கர்வத்தில், 'கம்பளியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகையில்' என்று ஒன்றைச் சேர்த்தேன். ஐயா அதைச் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. எழுதி முடித்துக் குறுக்கே கோடும் இழுத்தேன்.

படித்துக் காட்டியபோது சடையன் முதல்முறையாகக் கலங்கினார். "ஒரு பழந்தானுங்க தின்னேன். பசிச்சுது. மரத்தடியில நின்னு தின்னுட்டுத் தோல அங்கயே போட்டேன். கட்டிக்கிட்டுப் போனேன்னு எழுதாதீங்க சாமி. கொடியின்னே எழுதிக்குங்க" என்றார். மரத்தடியில் அந்தத் தோல் கிடந்ததை நானும் பார்த்திருந்தேன். விவரம் தெரியாத ஆள், நல்லது செய்தால் புரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட், "ஆரஞ்சு தின்றாயா?" என்று கேட்டார். "தின்னேனுங்க. கொடியும்..." என்று ஆரம்பித்தார் சடையன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லி மூன்று மாதம் போட்டார் மாஜிஸ்திரேட். ஆதாரத்துக்காகக் கிளப் தோட்டக்காரரை விட்டு இருபத்து மூன்று பழம் பறித்து வைத்திருந்தோம். கேஸ் முடிந்ததும் அவற்றை ஸ்டேஷனில் நாங்களே உரித்துத் தின்றோம். என் பங்கு ஏழு.

சுதந்திரம் வந்த அன்று நாகலிங்கம் ஐயா தன் டிரங்குப் பெட்டியில் இருந்து மடித்த துணி ஒன்றை எடுத்தார். ராட்டைக் கொடி. சடையன் ஏற்றியது, கிளப்பில் இருந்து எரிக்கச் சொல்லிக் கொடுத்தது. "எரிச்சுட்டேன்னு சொன்னீங்களேங்கய்யா?" என்றேன். "டைரியில எழுதலியே. வாயிலதானுங்களே சொன்னேன்" என்றார். அதற்குள் ராட்டை போய்ச் சக்கரம் வந்துவிட்டதால் அதை ஏற்ற முடியாது. கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி பெட்டியில் வைத்தார். பிறகு என்னைச் சமவெளிக்கு மாற்றினார்கள். சடையனையும் மறந்தேன். யாராவது சுதந்திரப் போராட்டத்தைப் பற்றிப் பேசினால், ஒரு தியாகியைக் கசையடியில் இருந்து காப்பாற்றியவன் என்று மனதுக்குள் மீசையை முறுக்கிக்கொள்வேன்.

ரிட்டயர் ஆகி அடிவாரத்தில் வீடு கட்டிக்கொண்டேன். ஏற்காடு பஸ் முதல் ஹார்ன் அடிப்பது என் வாசலில்தான். ஒருநாள் அந்த பஸ்ஸில் இருந்து ஒரு பெண் இறங்கி வந்தார். மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூடத்து டீச்சர், பெயர் பொன்னம்மா. பென்ஷன் ஆபீசில் விசாரித்து வந்தாராம். பையில் இருந்து பழைய டைரிப் பக்கத்தின் போட்டோ நகல் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஏனுங்க, இந்தக் கையெழுத்து உங்களுதுங்களா?"

முத்து முத்தான என் கையெழுத்து. இருபத்து மூன்று ஆரஞ்சு. அவர் சடையனின் மகள். தியாகிகளுக்குச் செப்புப் பட்டயம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பாவுக்குத் தெரியாமல் எழுதிப் போட்டிருக்கிறார். ஜெயிலுக்குப் போனதற்கு அத்தாட்சி கேட்டார்கள். அத்தாட்சி வந்தது, ஆரஞ்சுத் திருட்டு என்று.

"பட்டயம் போனாப் போகுதுங்க. எங்க மலையில பசிக்கு மரத்தடியில நின்னு தின்னாத் திருட்டில்லைங்க. தோல அங்கயே போட்டுடோணும், தோட்டக்காரன் பாத்துத் தெரிஞ்சுக்குவான். ஆனா ஒண்ணே ஒண்ணக் கட்டிக்கிட்டுப் போனாலும் திருட்டுத்தான். திருட்டுப் பேரு வாங்குனவங்க எங்க சேர்வராயன் சாமி தேரத் தூக்கத் தோள் குடுக்க முடியாது. எங்கப்பா ஜெயில்ல இருந்து வந்து கொடிதான் ஏத்துனேன்னு சொன்னாருங்களாம். யாரு நம்புவாங்க? கோர்ட்டுக் காயிதமே வேற சொல்லுதுல்லைங்க? முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. வருசா வருசம் நோம்பிக்குத் தேரு எறங்கறப்ப எங்கப்பா மாத்திரம் ஊட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருப்பாரு."

அந்த நகலை மறுபடி படித்தேன். கசையடி என்றால் ஒரு நாள் வலி, ஒரு மாதத் தழும்பு. இரண்டு வருடம் உள்ளே இருந்திருந்தால் சுதந்திரத்துக்குப் பிறகு ஊரே மாலை போட்டிருக்கும். நான் காட்டிய இரக்கத்தில் அந்த மனிதர் முப்பது வருடம் திருடனாக இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. வேறு சொல் இல்லை.

அன்று மாலையே உட்கார்ந்து உண்மையை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, உரிய அலுவலகத்துக்கு அனுப்பினேன். "வயசான காலத்துல நானே பொய் எழுதினேன்னு தம்பட்டம் அடிக்கணுமா? சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க?" என்றாள் என் மனைவி. பயம் எனக்கும் இருந்தது. ஆனால் பதில் வந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அக்காலத்து டைரிப் பதிவு அடித்தல் திருத்தல் இன்றி, இடைவெளி இன்றி, முறையாக எழுதப்பட்டிருப்பதால், ஓய்வு பெற்ற ஒருவரின் ஞாபகத்தை நம்பி அதை மாற்ற இயலாது என்று எழுதியிருந்தார்கள். நான் எழுதிய பொய்யை என்னாலேயே பொய் என்று நிரூபிக்க முடியவில்லை. அவ்வளவு நல்ல ரைட்டர் நான்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. பஸ் ஏறி, பிறகு ஜீப்பில் நெருக்கியடித்து, மஞ்சக்குட்டைக்குப் போனேன். சடையன் வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். நரைத்திருந்தார், மற்றபடி அதே ஆள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க ரைட்டரே. ஏனுங்க, சல்யூட் இன்னும் அடிக்கறீங்களா?"

நான் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் மிளகைத் துழாவினார். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப்போவுது? கட்டிக்கிட்டுப் போகலைன்னு எனக்குத்தான் தெரியுமே. ஊருல வந்து சொல்லுங்க" என்றார்.

அன்று மாலை ஊர் கூடியது. ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பனி, கொடி, கர்னல், என் பேனா, எதையும் விடவில்லை. கர்னல் சல்யூட் அடித்த இடத்தில் கூட்டம் சிரித்து ஓய நேரமாயிற்று. ஊர்க்கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"அவரு தின்னது எத்தனைங்க?"

"ஒண்ணுங்க."

"தோலு?"

"மரத்தடியில கெடந்துச்சுங்க. என் கண்ணால பாத்தேன்."

"அப்ப அந்த இருபத்து மூணு பழம் எங்கீங்க போச்சு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "கேசு முடிஞ்சதும் நாங்க தின்னுட்டோமுங்க" என்றேன்.

"மரத்தடியிலயா?"

"இல்லைங்க... ஸ்டேசன்ல."

"அப்ப கட்டிக்கிட்டுத்தான் போயிருக்கீங்க" என்றார் ஊர்க்கவுண்டர். கூட்டம் மறுபடி சிரித்தது. இந்த முறை அவரும் சிரித்தார். போலீசில் முப்பத்தைந்து வருடம் இருந்தவன், முதல்முறையாக ஒரு திருட்டுக் கேஸில் மாட்டிக்கொண்டேன். சடையன் மேல் இருந்த பழிச்சொல் நீங்கிற்று என்று ஊர் முன்னால் மூன்று முறை சொன்னார்கள். எனக்குத் தண்டனை, எந்தப் பழத்தை எழுதினேனோ அந்தப் பழம் இருபத்து மூன்றையும் நோம்பித் திருவிழாவன்று சாமிக்குக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கம்பளியில் கட்டி.

நோம்பி வருவது கோடையில். அப்போது மலையில் ஏது ஆரஞ்சு? சேலம் கடைவீதி முழுக்க அலைந்தேன். நான்கு கடையில் பொறுக்கி, எங்கேயோ வடக்கே விளைந்த இருபத்து மூன்றைச் சேர்த்தேன். கம்பளியில் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர், "ஏனுங்க பெரியவரே, மூட்டையில என்னங்க?" என்றார். "கேஸ் சொத்துங்க" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.

முந்தின நாள் கோடை மழை கொட்டியிருந்ததால் அன்று சேர்வராயன் மலையுச்சியில் நல்ல பனி. சாமி முன்னால் மூட்டையை அவிழ்த்தேன். ஊர்க்கவுண்டர் ஒவ்வொன்றாக எண்ணினார். சடையன் அதில் இருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு மரத்தடிக்குப் போனார். அங்கேயே நின்று உரித்து, முழுவதையும் தின்று, தோலை மரத்தடியில் போட்டார். பொன்னம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கெளப்புல தின்னது இதவிட இனிப்புங்க" என்றார் சடையன். துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு பனிக்குள் போனார்.

சிறிது நேரத்தில் மேளம் கிளம்பியது. எங்கே தேர், எங்கே ஆள் என்று ஒன்றும் தெரியவில்லை. சத்தம் நெருங்கி வர, பனிக்குள் இருந்து முதலில் தேரைத் தூக்கும் முன்தண்டு தெரிந்தது, பிறகு தண்டின் அடியில் அவர் முகம். நரைத்த தலையை ஒரு பக்கம் சாய்த்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, தோளில் தேரோடு வந்தார்.

நான் நினைத்துச் செய்யவில்லை. குதிகால் தானாகச் சேர்ந்தது, கை தானாக நெற்றிக்குப் போனது. வேட்டி சட்டையில் ஒரு கிழவன் விறைப்பாக நின்று சல்யூட் அடிப்பதைப் பார்த்துச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கையை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தேர் எனக்கு நேராக வந்தபோது சடையன் கொஞ்சம் நகர்ந்து தண்டில் ஒரு ஆள் இடம் விட்டார்.

"போதும் ரைட்டரே, கைய எறக்குங்க" என்றார். "வந்து தோளக் குடுங்க."